துகிரானின் மிக்ஸரும் பொன்னிற விரிப்பும்

எங்கள் கிளாத்தன் ஊர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் பாட்டுச் சத்தம் கேட்டால் அதற்குக் காரணம் துகிரான். கேட்காவிட்டாலும் காரணம் துகிரான்தான். முதலாவதை யாரும் சொன்னதில்லை.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பவர்டு மிக்ஸர். மைக், கீபோர்டு எல்லாவற்றையும் கலந்து, பலமும் தானே கூட்டி, நேராக ஸ்பீக்கருக்கு அனுப்பும் கறுப்புப் பெட்டி. இரண்டு ஆள் வேலையை ஒரே ஆள் செய்தால் உடம்பு கொதிக்கும் அல்லவா? அதுவும் கொதிக்கும். பக்கவாட்டு ஓட்டைகள்தான் அதற்கு மூக்கு. அவற்றை அடைத்தால் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். காற்றுப் பட்டால் கால் மணி நேரத்தில் மறுபடி பேசும். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அது பழுதானதில்லை.

ஊர்த் தலைவரின் மகள் கல்யாணம் வந்தது. அந்த வருடத்து ஊர் விழாக்கள் அத்தனைக்கும் ஒலி யார் பொறுப்பு, துகிரானா பக்கத்து ஊர் ஒலிக்காரர் கெலிக்கா என்பதைக் கல்யாணத்தன்று துகிரானின் பெட்டியைக் கேட்டுப் பார்த்து முடிவு செய்வதாகத் தலைவர் சொல்லியிருந்தார்.

காலையிலேயே தலைவரின் மனைவி, நாங்கள் மரியாதையாக இபு, அதாவது அம்மா, என்று அழைப்பவர், மேடையோரத்துக் கறுப்புப் பெட்டியைப் பார்த்து முகம் சுளித்தார். பொன்னிற விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து நான்கு பக்கமும் தரைவரை தொங்கவிட்டு, மேலே ஒரு பூச்சாடியையும் வைத்தார்.

“போட்டோல இந்தப் பெட்டி விழுந்தா நல்லாவா இருக்கும், மாஸ்?” என்று துகிரானைக் கேட்டார். மாஸ் என்றால் அண்ணன்.

எங்கள் ஊரில் பெரிய இடத்தில் ‘இல்லை’ சொல்லும் வழக்கம் கிடையாது. சொல்ல வேண்டிய இடத்தில் ஓர் அங்குலம் கூடுதலாகக் குனிவோம். துகிரான் குனிந்தார்.

மூன்றாவது பாட்டில் சத்தம் நின்றது. காரணம் அவருக்குத் தெரியும். ஆனாலும் நேராக விரிப்பிடம் போனால் இபுவைக் குற்றம் சொன்னதாகிவிடும். ஆகவே முறைப்படி மின்சாரத்தைப் பார்த்தார், ஒயரை அசைத்தார், ஸ்பீக்கரைத் தட்டினார். கடைசியில் ஏதோ தேடுபவர்போல் குனிந்து, விரிப்பின் பக்கவாட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் பாட்டு வந்தது. அந்தப் பக்கம் வந்த இபு, கலைந்த விரிப்பைச் சரிசெய்துவிட்டுப் போனார். பாட்டு மறுபடி நின்றது.

நிங்ரும் என்ற பாடகி, துகிரானைப் பெரியப்பா முறையில் ‘பாக்தே’ என்பவள், மைக்கைக் கீழே வைத்தாள். “பாக்தே, அந்தத் துணிய உருவித் தூரப் போடுங்களேன்.”

“மெதுவாப் பேசும்மா. இபு காதுல விழுந்துரப் போவுது.”

“விழட்டுமே. இன்னிக்கு அவங்க காதுல விழப்போற ஒரே சத்தம் அதுதான்.”

துகிரான் மறுபடியும் விரிப்பைத் தூக்கிப் பிடித்தார். பெட்டி பேசியது. தலைவர் பேச எழுந்தார். பக்கத்தில் நிற்க வந்த இபு, விரிப்பின் மடிப்பைத் தடவி நேராக்கினார். “என் மகளை இன்று” என்பதோடு பேச்சு அறுந்தது. தலைவரின் உதடுகள் மட்டும் சற்று நேரம் ஆடின. முந்நூறு பேர் சாப்பாட்டுத் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள்.

“என்ன பாக் துகிரான், கோளாறு எதுல?” என்றார் தலைவர். ‘பாக்’ என்றால் எங்களுக்கு ‘ஐயா’.

ஊரே கேட்க உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் அவருக்கு இனி வாய்க்காது. இபுவின் கை இன்னும் விரிப்பின் மேல்தான் இருந்தது. துகிரான் இரண்டு அங்குலம் குனிந்தார்.

“பெட்டி பழசாயிடுச்சுங்க, பாக். தப்பு என்னோடது.”

“பாவம்,” என்றார் இபு. “மனுஷன் தங்கம். சாமான்தான் சரியில்ல.”

ஊர் விழாக்கள் கெலிக்குக்குப் போயின. துகிரானின் பெட்டி செத்துவிட்டது என்ற செய்தி, அந்தப் பெட்டியின் சத்தம் எட்டாத ஊர்களுக்கும் எட்டியது. இப்போது கல்யாண வீடுகள் அவரைச் சாப்பிட மட்டும் அழைக்கின்றன.

கல்யாணத்துக்கு மறுநாள் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு விரிப்பையும் மடித்து அனுப்பியிருந்தார் இபு, பெட்டியில் தூசி படாமல் மூடிவைக்கச் சொல்லி. கொண்டுவந்த ஆளிடமும் துகிரான் குனிந்தார்.

தினமும் காலையில் பெட்டியைப் போட்டு, மைக்கில் “சாத்து, துவா” என்று இரண்டு வரை எண்ணிப் பார்க்கிறார். கணீரென்று கேட்கிறது. அணைத்துவிட்டு விரிப்பால் நான்கு பக்கமும் மூடுகிறார். இனி மூடினால் ஆபத்தில்லை. சூடாகும் அளவுக்கு அதற்கு வேலை இல்லை.