அத்தான் பூட்டிய பாதி சைக்கிள்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், யாருக்காகவும் குனிந்தவர் இல்லை. அவர் சாப்பிட்ட இலையைக்கூட வேறொருவர்தான் எடுக்க வேண்டும். வீட்டு மருமகன் என்றால் எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு மரியாதை. கேட்டதைக் கொடுக்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். என் சைக்கிளை அவர் கேட்காமல்தான் எடுத்தார்.

சின்னச் சக்கரம் வைத்த பழைய வெளிநாட்டு சைக்கிள் அது. கடையநல்லூரில், துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் வீட்டு மாடியில் துருப்பிடித்துக் கிடந்ததை வாங்கி வந்தேன். நடுத்தண்டில் ஒரு பிடி உண்டு. அதைத் திருகினால் சைக்கிள் முன்பாதி, பின்பாதி என்று இரண்டாகக் கழன்றுவிடும். பஸ்ஸில்கூடக் கொண்டுபோகலாம். இறுகிப்போயிருந்த பிடியை மண்ணெண்ணெய் விட்டு விட்டு இளக்கினேன். பழைய ரிம்மைத் தூக்கிப்போட்டு அலுமினிய ரிம், புது பிரேக் எல்லாம் மாட்டினேன். பின் பிரேக் கேபிளையும் நடுவில் கழற்றி மாட்டும்படி செய்துகொண்டேன். மழைத்தண்ணீர் இறங்காமலிருக்கப் பிடியின்மேல் பழைய டியூபை வெட்டிச் சுற்றி வைத்தேன்.

துருவாகக் கிடந்தபோது, "என்ன மாப்ளே, சர்க்கஸ்ல சேரப் போறியா?" என்று தெருவே சிரிக்கக் கேட்டவர் அத்தான். மினுங்க ஆரம்பித்ததும் அது அவருக்கே தேவைப்பட்டது. முதலில் காலை டீக்கு. அப்புறம் நாள் முழுக்க. ஒருநாள் தேரடி டீக்கடைக்காரர் என்னிடமே சொன்னார்: "ஒங்க அத்தான் சிங்கப்பூர்லருந்து வரவழைச்ச சைக்கிளாம்லா? நல்லாருக்கு."

அன்று மாலை சைக்கிள் அவர் வீட்டு ஜன்னல் கம்பியோடு சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. பூட்டு அவருடையது. சங்கிலி பின்சக்கரத்தில் கிடந்தது. அக்காவிடம் முறையிட்டேன். "விடுலே, அவுகளுக்குப் புடிச்சுப்போச்சு" என்றாள். நான் விடுவதாக இல்லை. அத்தான் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தார். டியூபை அவிழ்த்தேன், பிரேக் கேபிளைக் கழற்றினேன், பிடியைத் திருகினேன், முன்பாதியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்குப்போல நிம்மதியாக நான் தூங்கியதே இல்லை.

காலையில் அவர் வாசலில் கூட்டம். "என் சைக்கிளை எவனோ அறுத்துட்டுப் போய்ட்டாம்வே!" என்று அத்தான் கத்திக்கொண்டிருந்தார். டீக்கடைக்காரரும் நின்றார். போலீசுக்குப் போகலாம் என்று ஒருவர் யோசனை சொன்ன நேரத்தில் நான் முன்பாதியை உருட்டிக்கொண்டு போனேன். பின்பாதியோடு சேர்த்து, பிடியை முறுக்கி, கேபிளை மாட்டினேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

டீக்கடைக்காரர்தான் கேட்டார்: "ஏன் அண்ணாச்சி, ஒங்க சைக்கிள் ரெண்டாக் கழலும்னு ஒங்களுக்கே தெரியாதா?"

அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் பக்கம் நீட்டினார். கை சும்மா இருந்தால்தானே வாங்குவதற்கு? இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீங்களே தொறந்து விடுங்க அத்தான். எனக்கு வேலைக்கு நேரமாவுது" என்றேன், குறையாத மரியாதையோடு.

அத்தான் கூட்டத்தைப் பார்த்தார். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்தார். பூட்டு லேசில் திறக்கவில்லை. எனக்கும் அவசரம் இல்லை.