அடுப்புக்கு மேலே ஒரு பலகை

மழையில் நனைந்துதான் ஆசாரி அண்ணாச்சி போய்விட்டார் என்று சொல்லிக்கொண்டு திரியாதீர்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அவரைத் தெரிந்தவர்கள் பேசுகிற பேச்சா அது? மழை பெய்தால் கதவையே திறக்கமாட்டார் அந்த மனிதர். ஈரக்காற்று உள்ளே நுழைந்து மரத்தில் ஏறிவிடும் என்று அவ்வளவு பயம். அவரைக் கொண்டுபோனது நெஞ்சுக்குள் படிந்த மரத்தூள். ராத்திரி முழுக்க அவர் இருமுவது நாலு வீடு தள்ளியிருக்கிற எனக்கே கேட்கும்.

சேதி எனக்குக் குழாயடியில் வந்தது. குடம் பாதிகூட நிறையவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லம்மா ஓடி வந்தாள்.

"பாக்கியத்தக்கா, கொடத்தப் போட்டுட்டு வாங்க. தட்டத் தட்டத் தொறக்கல்லன்னு கதவ ஒடைச்சாவ. படுத்தவாக்குலயே போயிட்டாவ."

"யாரு?" என்றேன். யாரென்று தெரிந்துகொண்டேதான் கேட்டேன்.

"நம்ம பாரிஷ் கே பாத்" என்று சொன்னவள், சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தாராவி லேபர் கேம்ப்பில் சண்முகவேல் ஆசாரி என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. இந்தப் பேரைச் சொன்னால் வீட்டு வாசலில் கொண்டுபோய் விடுவார்கள். நாகர்கோயில் பக்கத்திலிருந்து நாற்காலி மேசை செய்ய வந்தவர். கோவாக்காரர் ஒருவரின் கடையில் உடைந்த கித்தாருக்கு ஒட்டுப்போடப் போய், அந்த வேலையிலேயே மனது ஒட்டிக்கொண்டது. பிறகு தன் ஒற்றை அறையிலேயே கித்தார் செய்ய ஆரம்பித்தார். பாந்த்ராவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஆட்கள் சாக்கடையைத் தாண்டித் தாண்டி, மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார்கள். "மிஸ்திரி, கித்தார் கப் மிலேகா?" என்பார்கள். எப்போது கிடைக்கும் என்ற அந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான்: "பாரிஷ் கே பாத்." மழைக்குப் பிறகு. எந்த வருஷத்து மழைக்குப் பிறகு என்று மட்டும் அவர் வாயிலிருந்து வராது.

ஏன் அவ்வளவு காலம் ஆகும் என்பது வெளியாட்களுக்குத் தெரியாது. எங்கள் தெருப் பெண்களுக்குத் தெரியும். பம்பாய் மழையில், அதுவும் தாராவியில், காய்ந்த இடம் என்று எது இருக்கிறது? சுவர் வேர்க்கும், தலையணை வேர்க்கும். காய்ந்த இடம் ஒன்றே ஒன்றுதான், அடுப்புக்கு மேலே இருக்கிற பரண். இடிக்கிற பங்களாக்களிலிருந்து பழைய பலகை வாங்கி வந்து, அறுத்து, எங்கள் வீட்டுப் பரண்களில் வீட்டுக்கு ஒன்றாக வைத்துவிடுவார். ஒரு கித்தாரின் நெஞ்சுப் பலகை என் வீட்டில் இருக்கும், முதுகுப் பலகை செல்லம்மா வீட்டில் இருக்கும். நாங்கள் சோறு பொங்கப் பொங்க அது காயும். அவ்வப்போது வந்து, பலகையை இறக்கி, விரல் முட்டியால் தட்டி, காதை வைத்துக் கேட்பார். "ஈரம் இருக்கு" என்பார். மறுபடி மேலே ஏற்றிவிட்டுப் போய்விடுவார்.

"என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்க வந்தியளா? பொண்ணு ஏதாச்சும் சொல்லுதா?" என்று செல்லம்மா வம்புக்கு இழுப்பாள்.

"ஒன் வீட்டுப் பொண்ணு கருவாடு மணக்கா. பாந்த்ராக்காரன் இதத் தூக்கிட்டுப் பார்ட்டிக்குப் போனாம்னா பூனைதான் பின்னால வரும்" என்பார் அவர். சிரிக்காமல் சொல்வார்.

முதலில் நான் என் வீட்டுப் பரணில் இடம் தரவில்லை. குடித்துவிட்டு ஆடுகிற இடத்துக்குப் போகிற சாமான், நான் ஜெபம் பண்ணுகிற வீட்டில் எதற்கு என்று கேட்டேன். "ஒங்க கோயில்ல வாசிக்கதும் இதே மரந்தான் தங்கச்சி. அது எங்க போவும்னு அதுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ ஜெபம் பண்ணிக்கோ, அது பாட்டுக்கு மேல கெடக்கட்டும்" என்றார். அப்படித்தான் நடந்தது. மூன்று வேளையும் நான் அந்தப் பலகைக்குக் கீழேதான் கர்த்தரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசியாக என் பரணுக்கு வந்த பலகை, என் தம்பி தாசனுக்கான கித்தாரின் நெஞ்சுப் பலகை. தாசன் எங்கள் வீட்டுக் கடைக்குட்டி. நான் தூக்கி வளர்த்தவன். கல்யாண வீடுகளில் வாசிக்கிற கூட்டத்தோடு சேர்ந்து, இரவல் கித்தாரில் வாசித்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவன் வாசித்தால் போதகரே கண்ணை மூடிக்கொள்வார். இரவல் கொடுத்தவர் ஊருக்குப் போகும்போது கித்தாரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பம்பாய்க் கோட்டைப் பக்கத்துக் கடைகளில் தொங்குகிற வெளிநாட்டுக் கித்தாரை நாங்கள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் அண்ணாச்சியிடம் சொல்லி வைத்தான். ஒரு மழை போனது. இன்னொரு மழையும் போனது.

அப்போதுதான் கப்பல் வேலை வந்தது. பயணிகள் கப்பலில் சாயங்காலம் வாசிக்க ஆள் எடுத்தார்கள். தாசன் வாசித்ததைக் கேட்டவர், "சொந்தக் கித்தாரோடு வா, ஏறிக்கொள்" என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் அண்ணாச்சியை என் வீட்டுக்கு இழுத்து வந்தான். அவர் பலகையை இறக்கினார், தட்டினார், காதை வைத்தார்.

"ஈரம் இருக்கு."

"இருந்தா இருந்துட்டுப் போட்டும் அண்ணாச்சி. ஒட்டிக் குடுங்க. நா பாத்துக்கிடுதேன்."

"என்னத்தல பாப்ப? கப்பல்ல உப்புக்காத்து. நடுக்கடல்ல வாயப் பொளந்துட்டுன்னா அங்கன எவன் இருக்கான் ஒட்டுப்போட? பாதிப் பாட்டுல எறக்கி விட்டுருவான்."

நானும் கெஞ்சினேன். காலில் விழாத குறைதான். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தன் அறைச் சுவரில் தொங்குகிற கித்தாரைப் பார்த்ததில்லையா என்று கேட்டார். எல்லோரும் பார்த்திருக்கிறோம். நெஞ்சில் மேலிருந்து கீழ்வரை வெடித்த ஒன்று ஆணியில் தொங்கும். செம்பூரில் ஒரு கல்யாணத்துக்கு என்று அவசரப்படுத்தி வாங்கிப்போனது. மாலை மாற்றும்போது படீரென்று போயிருக்கிறது. வாசித்த பையனைப் பார்த்துச் சபையே சிரித்திருக்கிறது. அதற்கப்புறம் அவன் எதையும் கையில் எடுக்கவேயில்லையாம். "ஒருத்தன் போதும் தங்கச்சி" என்றார் அண்ணாச்சி.

கப்பல் போய்விட்டது. வேறு யாரோ ஏறிக்கொண்டார்கள்.

அவர் சொன்னது நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். அவர் மேல் எனக்கு ஆத்திரம் இருந்ததையும் மறைக்கப்போவதில்லை. செத்தவரைப் பற்றி நல்லதை மட்டும் எழுது என்றால் எனக்கு வராது.

சும்மா இருந்தால் சோறு யார் போடுவார்? தாசன் தோல் பதனிடுகிற இடத்தில் வேலைக்குப் போனான். சுண்ணாம்புத் தொட்டியில் தோலை முக்கி எடுக்கிற வேலை. கொஞ்ச நாளில் விரல் நுனியெல்லாம் வெந்து உரிந்தது. உரிந்த இடம் வெடித்தது. வெடித்த இடம் தடித்து மரத்துப்போனது. மேலே பரணில் பலகை காய்ந்துகொண்டிருந்தது. கீழே பாயில் உட்கார்ந்து என் தம்பி தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். விரலை மடக்க முடியாது, சோற்றைப் பிசையும்போதே முகம் சுளிப்பான். அதற்குள் இன்னொரு மழைக்காலமும் முடிந்தது.

ஒருநாள் அண்ணாச்சி வந்தவர், அவன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு விரல் நுனியையும் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கப்பிடாதால, தாசா?"

தாசன் சிரித்துவிட்டான். அவன் சிரித்து வெகுநாளாகியிருந்தது. "நா பொறுக்கலியா அண்ணாச்சி?" என்றான்.

அண்ணாச்சி அவன் கையைக் கீழே விட்டார். "பாரிஷ் கே பாத்" என்றுகூடச் சொல்லவில்லை.

அண்ணாச்சியை எடுத்துக்கொண்டுபோன மறுநாள், சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாந்த்ராவிலிருந்து வயதான ஒருவர், தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் சொல்லி வைத்தவர், படியில் உட்கார்ந்து கழுத்து இல்லாத ஒரு கித்தாரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மாட்டுங்காவில் இருக்கிற வேறொரு ஆசாரியைக் கேட்டுப் பார்த்தார்கள். கதவு, சன்னல் என்றால் செய்கிறேன், இது எனக்குத் தெரியாத வேலை என்று அவர் கும்பிட்டுவிட்டார். ஊரிலிருந்து வந்த அண்ணாச்சியின் அண்ணன் மகன் உளியையும் இழைப்புளியையும் சாக்கில் கட்டிக்கொண்டு ரயிலேறினான். வீட்டுப் பரண்களில் இருந்த பலகைகளை யாரும் கேட்கவில்லை.

மழை விடவில்லை. விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. தாராவியிலேயே காய்ந்த மரம் எங்கள் பரண்களில்தான் இருந்தது. செல்லம்மாதான் முதலில் எடுத்தாள். "பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கணும்லாக்கா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அடுப்பில் வைத்தாள். புகையே இல்லாமல் எரிந்தது.

"நம்மதயும் எரிச்சிரு அக்கா" என்றான் தாசன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு சொன்னான்.

நான் எரிக்கவில்லை. அண்ணாச்சி ஞாபகமாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். ஆசாரிமார் சாமி வேறு, எங்கள் சாமி வேறு. செத்தவர்களுக்காக ஜெபிக்கக்கூடாது என்று போதகர் சொல்வார். இருந்தாலும் காலையில் அடுப்பு மூட்டும்போது அவர் பேரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஆண்டவர் கோபித்துக்கொண்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். தாசன் பேரைச் சொல்லும்போதுதான் என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். அவன் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அண்ணாச்சி கடைசியாக என் வீட்டுக்கு வந்தது இந்த மழை தொடங்குவதற்கு முன்னால். நான் மீன் பொரித்துக்கொண்டிருந்தேன். தாசன் சுவரோரம் கையைத் துணியில் சுற்றிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அண்ணாச்சி பலகையை இறக்கினார், தட்டினார், காதை வைத்து வழக்கத்தைவிட அதிக நேரம் கேட்டார். தாசனைப் பார்த்தார். சத்தமில்லாமல் மேலே ஏற்றினார். காப்பி போடட்டுமா என்றேன், வேண்டாம் என்று போய்விட்டார். சட்டியில் மீன் கருகிவிடும் என்று நானும் திரும்பிக்கொண்டேன். இப்போது இதை எழுதும்போதுதான் ஞாபகம் வருகிறது: அன்றைக்கு அவர் "ஈரம் இருக்கு" என்று சொல்லவில்லை.