கட்டர் நின்றுபோன வாரம்

சாலையை நேர்கோட்டில் கீறிக்கொண்டு, காது கிழியக் கத்தும் பெட்ரோல் கட்டரை எல்லோரும் தெருவில் பார்த்திருப்பீர்கள். கோச்சடையில் அப்பா நடத்தும் வாடகைக் கடையில் அப்படி ஒன்று இருக்கிறது. கம்பி வளைக்கிற மெஷின், ஜல்லி கலக்குகிற மெஷின் என்று எத்தனையோ அங்கே நின்றாலும் என் கண் அதன்மேல்தான். ஒரு கையால் தூக்கிவிடலாம். ஆனால் அரையடி கான்கிரீட் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அது எப்படி என்று யோசித்தே எனக்குப் பாதி நாள் போய்விடும். மெக்கானிக்கல் படிப்பை முடித்து, நாலைந்து கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்த மாதங்கள் அவை. எனக்குக் காத்திருக்க வராது. எதையாவது கழற்றிக்கொண்டிருப்பேன்.

கட்டரை வாடகைக்கு விடும்போது ஓட்டுகிற ஆளையும் சேர்த்துத்தான் அப்பா அனுப்புவார். செக்கானூரணிக்கு அந்தப் பக்கமிருந்து பைக்கில் வருகிற ஓர் அண்ணன். நாலு வருடமாக அதை ஓட்டியது அவர் ஒருவர்தான். கோடு போட்டுக் கொடுத்தால் நூல் பிடித்த மாதிரி வெட்டுவார். அவர் வந்தால்தான் வேலை என்று சொல்கிற கான்ட்ராக்டர்களும் உண்டு.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கட்டரைப் பைக் டேங்க்மேல் சாய்த்து வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். கே.கே. நகரில் ஒரு கிளினிக் வாசலில் வடிகால் வெட்டிக்கொண்டிருந்தாராம். என்ஜின் வேகம் குறைந்து, ரெண்டு தடவை இருமி, நின்றுபோயிருக்கிறது.

"ஸ்டார்ட்டர் கயிறை இழுத்தா லொடலொடன்னு வருது பாப்பா. உள்ள பிடிப்பே இல்ல."

நான் அடுத்த நிமிடமே ஸ்பானரோடு உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரிச் சின்ன என்ஜினுக்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஓட்டைகள்தான். ஒரு பக்கத்து ஓட்டை வழியாகக் காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், எதிர்ப்பக்கத்து ஓட்டை வழியாகப் புகை வெளியே போகும். சைலன்சரைக் கழற்றினால் புகை போகிற ஓட்டை தெரியும். அதில் டார்ச் அடித்தால் பிஸ்டனே தெரியும். பார்த்தேன். வழவழவென்று இருக்க வேண்டிய பிஸ்டனில் மேலும் கீழுமாகக் கோடுகள்.

"எண்ணெய் பத்தலைப்பா," என்றேன் அப்பாவிடம். கழற்றி முழுசாக ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

இந்த என்ஜினுக்கென்று தனியாக ஆயில் இல்லை. பெட்ரோலிலேயே அளவாக எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் சிலிண்டரை உரசி நாசமாகிவிடும். அப்பாவுக்கு அது போதுமாயிருந்தது. பங்க்கில் கேனில் பெட்ரோல் தரமாட்டார்கள் என்பதால் அந்த அண்ணன் தன் பைக்கிலிருந்துதான் டியூப் போட்டு எடுப்பார்.

"பைக்ல இருந்து உறிஞ்சி அப்படியே ஊத்திட்டியாக்கும்?"

"இல்லண்ணே. கலந்துதேன் ஊத்துனேன். இந்தா கேன்ல மிச்சம் கெடக்கு, பாருங்க."

"அத என்னத்தப் பாக்க? படிச்ச புள்ள பாத்துச் சொல்லுது. நீ கலந்தேன் கலந்தேன்ங்குற!"

அவர் என்னைப் பார்த்தார். நான் பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேனையும் கையுறையையும் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

வியாழக்கிழமை எனக்குப் போன் வந்தது. அந்த அண்ணன்தான். அப்பாவுக்கு அல்ல, எனக்கு. கோரிப்பாளையத்தில் கட்டர் வைத்திருக்கிற பாயிடம் வேலை கேட்டுப் போயிருக்கிறார். அதற்குள் அப்பா பாயிடம் எல்லாவற்றையும் போனில் கொட்டியிருந்தார்.

"'எண்ணெய் ஊத்தாம மெஷினைக் கொன்னவன் நீதானாப்பா'ன்னு கேக்குறாரு. பைபாஸ் ரோட்டுக் கடையிலயும் இதே பேச்சுதேன். இனிமே எவன் பாப்பா எங்கையில மெஷினைக் குடுப்பான்? நீ சொன்னதுல ஏதும் மாத்தம் இருந்தா சொல்லு. இல்லையா, அதையும் சொல்லிப்புடு."

"பாக்குறேண்ணே" என்று வைத்துவிட்டேன். அவர் விட்டுப்போன கேன் அப்படியே கிடந்தது. ரெண்டு நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன், திறந்து பார்க்கத் தோன்றவில்லை.

ஒரு வெள்ளைத் தாள் எடுத்தேன். என் ஸ்கூட்டியிலிருந்து ஒரு சொட்டு, கேனிலிருந்து ஒரு சொட்டு, பக்கத்துப் பக்கத்தில் விட்டேன். வெறும் பெட்ரோல் என்றால் காய்ந்து காணாமல் போகும். எண்ணெய் இருந்தால் கறை நிற்கும். ஃபேனைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். ஸ்கூட்டிச் சொட்டு இருந்த இடமே தெரியவில்லை. கேன் சொட்டு, வடை வைத்துக் கொடுத்த பேப்பர் மாதிரி பளபளவென்று நின்றது.

அப்படியென்றால் அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன? எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், பயத்தைவிட ஆசைதான் அதிகம் இருந்தது. சிலிண்டரையே கழற்றினேன். பிஸ்டனை வெளியே எடுத்து வெயிலில் வைத்துத் திருப்பினேன். நான் டார்ச் அடித்துப் பார்த்த பக்கத்தில் நாலைந்து மெல்லிய கோடுதான். எதிர்ப்பக்கம், காற்று உள்ளே வருகிற பக்கம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது மாதிரி மங்கி, சொரசொரவென்று, நகத்தால் தொட்டாலே தெரிகிற அளவுக்குத் தேய்ந்திருந்தது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்கும் பிளேடு மாதிரி மெலிந்துபோயிருந்தது. எண்ணெய் இல்லாமல் போயிருந்தால் புகை போகிற சூடான பக்கம்தான் முதலில் கருகி இழுபட்டிருக்கும். இது நேர்மாறு. காற்றோடு ஏதோ வந்து அரைத்திருக்கிறது.

காற்றும் பெட்ரோலும் கலக்கிற கார்புரேட்டர் வாயில் விரலை விட்டேன். விரல் சாம்பல் நிறத்தில் வந்தது. ரெண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தால் நறநறவென்றது. சிமெண்டுத் தூசி. ஆனால் தூசியைத் தடுக்கத்தானே பேப்பர் ஃபில்டர்? அதை எடுத்துப் பார்த்தேன். அவ்வளவு சுத்தம். புதுசு மாதிரி இருந்தது. அந்தச் சுத்தம்தான் இடித்தது. கடை பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, போன் டார்ச்சை ஃபில்டருக்குள் வைத்தேன். மடிப்பின் ஓரத்தில் ஊசி முனை அளவில் ஒரு வெளிச்சம். தள்ளி இன்னொன்று. எண்ணினால் ஏழு.

அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஃபில்டரை எப்படிண்ணே க்ளீன் பண்ணுவீங்க?"

"நான் எங்க பண்ணுனேன்? அதை யாரையும் தொட விடமாட்டாருல்ல உங்கப்பா. சாயங்காலம் அவருதேன் எடுத்துக்கிட்டுப் போவாரு."

எங்கே என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்திலேயே பஞ்சர் கடை. அங்கே இருக்கிறவரைக் கேட்டதும் சிரித்தார். "தெனம் வருவாருல்ல! 'நல்லா முழுக்காத்தா அடிப்பா, ஒரு பொட்டுத் தூசி இருக்கக்கூடாது'ம்பாரு. லாரி டயருக்கு அடிக்கிற காத்தும்மா அது. நான் அடிச்சுக் குடுத்தாலும் திருப்திப்படமாட்டாரு, காத்தடிக்கிற கன்னை வாங்கி அவரே அடிப்பாரு."

அப்பா வயல்காட்டிலிருந்து கடைக்கு வந்தவர். டிராக்டர் ஃபில்டரைக் காற்றடித்துச் சுத்தம் செய்தே பழகிய கை. அவரைப் பாத்ரூமுக்குள் கூட்டிப்போய் லைட்டை அணைத்து, ஃபில்டருக்குள் டார்ச்சை வைத்தேன்.

"என்ன கூத்து பண்ற இங்க?"

"ஃபில்டரைப் பாருங்கப்பா."

பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சம் போகவில்லை.

"எங்கப்பா காலத்துல இருந்து டிராக்டருக்கு இப்படித்தேன் அடிக்கிறோம். ஒண்ணும் ஆகல."

"டிராக்டர் கான்கிரீட் திங்காதுப்பா. இது கெட்டியான பேப்பரும் இல்ல."

வெள்ளிக்கிழமை காலையில் அவரே டவுனுக்குப் போய் சிலிண்டர், பிஸ்டன், ரிங், ஃபில்டர் எல்லாம் வாங்கிவந்து என் முன்னால் வைத்தார். தூசி அடியில் இருக்கிற பேரிங் வரை போயிருக்குமோ என்றுதான் என் கவலை. பெட்ரோல் விட்டுக் கழுவிக் கழுவிச் சுற்றிப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. மாட்டி முடித்ததும் ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மெஷினையே தூக்கினேன். தொபுக்கென்று விழாமல், தயங்கித் தயங்கி இறங்கியது. உள்ளே பிடிப்பு வந்துவிட்டது என்று அர்த்தம். எனக்கு விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. நாலாவது இழுப்பில் கத்தியது.

அந்தச் சத்தம் அடங்கியதும்தான் அண்ணனைக் கூப்பிட்டேன். வந்தார், ஆனால் பைக்கை விட்டு இறங்கவில்லை. பழைய பிஸ்டனைக் கொடுத்தேன். ரெண்டு பக்கத்தையும் காட்டி, ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு வாயை விட்டது நான்தான் என்றும் சொன்னேன்.

"அம்புட்டு அவசரம் என்ன பாப்பா?" என்றார்.

அப்பா வெளியே வந்தார். "மெஷின் ஓடுதுப்பா. நாளைக்கு வேலை இருக்கு, வந்துரு."

"வேலை கெடக்கட்டும்ண்ணே. பாய்கிட்ட என்ன சொன்னீங்களோ, அந்த வாயாலயே மாத்திச் சொல்லுங்க. இப்ப."

"சாயங்காலம் பேசிக்கிறேன்ப்பா."

"இப்பண்ணே."

அப்பா போனை எடுத்தார். அண்ணன் பைக்கிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார்.

"ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டார். "பாய், நாந்தேன். அன்னைக்கு நம்ம கட்டரைப் பத்திச் சொன்னேன்ல... அவன் எண்ணெய் கலந்துதேன் ஊத்திருக்கான். ஃபில்டரை முழுக்காத்துல அடிச்சு நாந்தேன் கிழிச்சுப்புட்டேன்."

அந்தப் பக்கம் பாய், "அல்லா! நானும் அப்படித்தாண்ணே அடிக்கிறேன்," என்றார்.

அண்ணன் சிரிக்கவில்லை. "பைபாஸ் ரோட்டுக் கடை நம்பர் இருக்காண்ணே, நான் தரவா?" என்றார்.