ஆறு மணி வரைக்கும் எடுத்த மண்டபம்

அந்த ஞாயிற்றுக்கிழமை சுவிஸின் பேர்ண் நகரத் தேவாலய மண்டபத்தில் நாடகம் போட நாங்கள் அறுபது ஆண்கள் கூடியிருந்தோம். ஒரு பெண்கூட இல்லை. எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே தனியாக வந்தவர்கள்தான் அதிகம். அதனால் நாயகி வேடம் இன்டர்லாக்கன் ஹோட்டலில் பாத்திரம் கழுவிய ஓர் அண்ணைக்குப் போயிற்று. லீவு கொடுக்கவில்லை என்று வேலையை விட்டுவிட்டே வந்திருந்தார்.

நாங்கள் எடுத்தது ஒரு காலத்தில் லண்டனை அழவைத்த நாடகம்; அதை வெள்ளைக்காரர் ஆட்சியில் கப்பலில் வந்த ஆங்கிலக் குழுவொன்று கொழும்பில் போட்டது. யாழ்ப்பாணத்து நாடகக் கொட்டகைகள் அதைத் தமிழாக்கி விடிய விடிய ஆடின. வீண்பழி சுமந்த மனைவி கடைசிக் காட்சியில்தான் வாய் திறப்பாள். ஊரிலும் அந்த வேடம் அண்ணையுடையதுதான்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான். "தம்பி, நாடகத்தின்ர வரலாற்றை நீர்தான் சொல்லவேணும்" என்றார்கள். ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் பேசினேன். பிறகு ஊர் வழக்கப்படி பிரமுகர்களுக்கு மாலைகள் விழுந்தன. மண்டபம் ஆறு மணி வரைக்கும்தான் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை.

ஆறரைக்குக் காவலாளி விளக்கை அணைத்தார். கடைசிக் காட்சி ஆடப்படவேயில்லை.

சேலையோடு நின்ற அண்ணை என்னிடம் வந்தார். "அந்தக் கப்பல் கொழும்புக்கு வர ஒரு மாசம் எண்டு சொன்னனீர். உம்மட பேச்சும் அதிலதான் வந்தது போல."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

அடுத்த வேலை கிடைக்க அவருக்கு மூன்று மாதமானது. மண்டப வாடகை, பிந்தியதற்கான தண்டம், அவர் இழந்த சம்பளம் எல்லாம் சேர்த்து என் நாற்பது நிமிடத்தின் விலை நாலாயிரத்து அறுநூற்று முப்பது பிராங்க்.