வேலிக்கு வெளியே ஒரு மெழுகுவர்த்தி

அம்மாவின் ஆன்மா இளைப்பாற ஜெபிக்க வந்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும் பங்கு மக்களுக்கும் மூத்த மகள் எழுதுவது. புகழ்ந்து எழுதச் சொன்னார்கள் தம்பிகள். எனக்குப் பயத்தைப் பற்றித்தான் எழுத வருகிறது. அம்மா வாழ்ந்ததும் அதோடுதான்.

நெற்குப்பையில் தச்சர் வீட்டில் பிறந்து வலையபட்டியில் வாக்கப்பட்டார்கள். அப்பா காலமான பின் அப்பளம் இட்டு எங்களை ஆளாக்கினார்கள். பசி என்று வந்தவரை வாசலோடு அனுப்பியதில்லை. இதெல்லாம் நீங்கள் அறிந்ததே.

அறியாதது எங்கள் கடைசித் தம்பியைப் பற்றியது. தாய்மாமன்தான் ஞானத்தகப்பனாக நின்று பிள்ளையைத் தாங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். மலாயாவில் இருந்த மாமா ஊருக்கு வரக் கப்பலேறிவிட்டார். "எந்தம்பி வரட்டும். அவன் தாங்காம எம்பிள்ளைக்கு ஞானஸ்நானமா?" என்று அம்மா பிடிவாதமாக இருந்தார்கள். கப்பல் கரை சேருமுன் பிள்ளைக்கு ஜன்னி கண்டது. ஆபத்து வேளையில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அம்மாவும் ஞானோபதேசத்தில் படித்தவர்கள்தான். செம்பில் தண்ணீரை வைத்துக்கொண்டே வாசலைப் பார்த்தார்கள். பிள்ளை போய்விட்டான்.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறை மண்ணில் இடமில்லை என்றார் அப்போதிருந்த பங்குச் சாமியார். கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தோம். அதன்பிறகு மாமா வந்தார், கையில் வெள்ளை ஞானஸ்நான உடுப்போடு.

அன்றிலிருந்து இடி இடித்தால் போதும், அம்மா நடுங்குவார்கள். பிரசங்கத்தில், கடைசி நாளில் ஆண்டவர் நல்லவரையும் பாவியையும் செம்மறியும் வெள்ளாடுமாகப் பிரிக்கிற இடம் வந்தால் என் கையை இறுக்கிக்கொள்வார்கள். "பொதுத்தீர்வையில அந்தப் பச்சமண்ணு என்னையப் பாத்து, 'தண்ணி இருந்துச்சே ஆத்தா'ன்னு கேட்டா என்னடி சொல்லுவேன்?" என்பார்கள். நானும் சேர்ந்து நடுங்குவேன்.

படுக்கையில் கிடந்தபோது அந்த உடுப்பை எடுத்துவரச் சொன்னார்கள். "இத எம்பெட்டிக்குள்ள வச்சிரு. அவனத் தேடி உடுத்தி விடணும்."

"அவன உள்ள விடலேன்னா என்ன செய்வீக ஆத்தா?" கேட்டே விட்டேன்.

"விடலேன்னா நானும் வெளிய அவங்கூட இருந்துக்கிறேன், போ. பெத்தவ வேற எங்குட்டுப் போவேன்?"

ஆயுசு முழுக்க நரகத்துக்குப் பயந்தவர்கள் அப்படிச் சொன்னதும் நான் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டேன். ஆண்டவர் காதில் விழுந்திருக்குமே!

இப்போதைய சாமியாரிடம் ஒளிக்காமல் சொன்னேன். "விட்டுட்டுப் போக மாட்டேங்குற அந்த மனச ஆத்தாளுக்குக் குடுத்தது யாரும்மா?" என்று மட்டும் கேட்டார். சவப்பெட்டியை மூடுமுன் அம்மாவுக்குத் தீர்த்தம் தெளித்தவர், நான் அம்மாவின் மடியில் வைத்திருந்த உடுப்பை விரித்து, அது நனையும்வரை தெளித்தார்.

அவருக்கும், பெட்டி செய்த சித்தப்பாவுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், கடைசிவரை கஞ்சி கொடுத்தனுப்பிய அடுத்த வீட்டாருக்கும் எங்கள் நன்றி.

என் பயம் இன்னும் போகவில்லை. அம்மாவின் உடல் வேலிக்கு உள்ளே இருக்கிறது. ஆன்மா எந்தப் பக்கம் என்று நான் அறியேன். ஆகவே ஒன்று கேட்கிறேன். கல்லறைத் திருநாளுக்கு வருகிறவர்கள் ஒரு மெழுகுவர்த்தி கூடுதலாகக் கொண்டு வாருங்கள். அதை வேலிக்கு வெளியே ஏற்றுங்கள். அங்கே பெயரில்லாத பிள்ளைகள் நிறையக் கிடக்கிறார்கள். அம்மா தேடினால் முகம் தெரிய வேண்டும்.