செஞ்சியில் ஐந்தரை மணிச் சாப்பாடு

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, மகள் கயலுடன் செஞ்சிக்குப் போய்வந்தேன். அவளுக்குப் பதினான்கு வயது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. வெளிச்சம் குறைந்தால் தடுமாறுவாள். கண் இருக்கும்போதே ஒரு மலைமேல் நின்று ஊரைப் பார்த்துவிடட்டும் என்று எனக்கு ஆசை.

விபிஎஸ்13பி என்ற மரபணுவில் பழுது. உயிரணுவுக்குள் தயாராகும் புரதங்களைப் பிரித்து, உரிய இடத்துக்கு அனுப்பும் வேலைக்கு அது தரும் புரதம் வேண்டும். அன்று திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் "செஞ்சி, செஞ்சி!" என்று கூவி எங்களைச் சரியான பஸ்ஸில் ஏற்றினார் ஒருவர். அவர் லீவு போட்டால் என்ன ஆகும்? கயல் உடம்புக்குள்ளும் அந்தக் கதைதான். பழுதில் பாதி என் பங்கு, பாதி அவள் அம்மா பங்கு. கண், தசை, ரத்த வெள்ளணு மூன்றும் அடி வாங்கின. சிரிப்பு மட்டும் தப்பித்துவிட்டது. கண்டக்டரிடமே மூன்று முறை பெயர் கேட்டாள்.

வெள்ளணு குறைவு, தொற்று சீக்கிரம் பிடிக்கும் என்பதால் கடைச் சாப்பாடு ஆகாது. மதியத்துக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டோம். மாலைச் சாப்பாட்டுக்கு அலுவலக நண்பர் தன் அக்கா பத்மாவதி வீட்டில் சொல்லிவைத்தார். செஞ்சிப் பக்கத்துச் சமணக் குடும்பம். அந்த அம்மா போனில் கறாராகச் சொன்னார்: "பொழுது சாயறதுக்குள்ள வந்துடுங்க சார். அப்பால எங்க வூட்ல யாரும் சாப்புட மாட்டோம்."

திண்டிவனத்திலிருந்து 28 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். கோட்டைக்கு ஆட்டோ 150 ரூபாய். உயரமான ராஜகிரி மலை அவள் கால்களுக்கு அதிகம், பக்கத்துக் கிருஷ்ணகிரியில் ஏறினோம். பதினொன்றேகாலுக்குத் தொடங்கி ஒன்றரைக்கு உச்சி. வயலும் ஏரியும் பார்த்து, "அப்பா, எல்லாம் பெருசா இருக்கு!" என்று கத்தினாள்.

நான்கரை வரை அங்கேயே இருக்க நினைத்திருந்தேன். அந்த அம்மாவின் சாப்பாட்டுக்காக மூன்று மணிக்கே எழுந்தேன், முணுமுணுத்தபடி. இறங்கியபோது மணி நான்கு நாற்பது.

"இன்னா சார், அதுக்குள்ள வந்துட்டீங்க?" என்றார் காலையில் கொண்டுவந்துவிட்ட ஆட்டோக்காரர்.

அப்போதுதான் கணக்குப் போட்டேன். என் திட்டப்படி என்றால் படிகள் முடியுமுன்பே பொழுது சாய்ந்திருக்கும், கயலுக்கு ஒரு படிகூடத் தெரிந்திருக்காது. கூறுகெட்ட அப்பன் நான்.

ஐந்தரைக்கு அவர்கள் வீட்டு முற்றத்தில், நல்ல வெளிச்சத்தில் இலை போட்டார்கள். சோறு, புடலங்காய்க் கூட்டு, ரசம். எங்கள் வீட்டில் இரவு ஒன்பதுக்கு ட்யூப்லைட் வெளிச்சத்தில், கூட்டு இங்கே, அப்பளம் அங்கே என்று அவள் கையைப் பிடித்துக் காட்டுவேன். சிந்தினால் கத்தவும் செய்வேன். அன்று எதற்கும் அவசியமே வரவில்லை. தானே பிசைந்து, தானே சாப்பிட்டு, இரண்டாம் முறை ரசம் கேட்டாள்.

"கொயந்த நல்லா சாப்புடுது. நீங்கதான் சாப்புடாம அதயே பாத்துக்கினு கீறீங்க," என்றார் பத்மாவதி அம்மா. காலில் விழாத குறையாக நன்றி சொன்னேன். சாதாரண ரசத்துக்கா இவ்வளவு என்று அவர் நினைத்திருக்கலாம்.

பார்வை குறைந்தவர்களோடு போகிறவர்களுக்கு: இறங்க, ஏறிய நேரமே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைமேல் தண்ணீர் கிடைக்கும் என்று நம்பாதீர்கள், கையோடு கொண்டுபோங்கள்.

நான் இப்போது காலை ஷிப்டுக்கு மாறிவிட்டேன். எங்கள் வீட்டிலும் ஐந்தரைக்குச் சாப்பாடு, ஜன்னலோரம். நேற்று கயல் எனக்கு ரசம் ஊற்றினாள். "அப்பா, தட்டுல கை வைக்காத, சுடும்," என்றாள்.