செல்வி அக்காவின் ராஜச் சிரிப்பு

எழுபதுகளின் இறுதியில், ஆண்டிமடத்தில் பங்குனி பிறந்துவிட்டால் முந்திரிக்கொட்டை வறுக்கும் புகை தொண்டையில் காரமாக உட்கார்ந்துகொள்ளும். அப்படியொரு பங்குனியில்தான், பள்ளி ஆண்டு விழா நாடகத்தில் ராஜாவாக நடிக்கவிருந்த என் அக்கா செல்வி, வாயைத் திறக்க முடியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கடைவாய்ப் பல்லில் சொத்தை. எங்கள் ஊர்ப் பேச்சில் "பூச்சிப்பல்". ராஜாவோ காட்சிக்குக் காட்சி அண்ணாந்து வாய்விட்டுச் சிரித்தாக வேண்டும்.

"வாயே தொறக்காத ராஜாவ எங்கடி பாத்துருக்க? வசனமெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்று, மந்திரியாக நடிக்கவிருந்த அமுதா வாசலுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள்.

முந்திரி வறுக்கும் கொட்டகை வைத்திருந்த மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சொட்டு கொட்டப்பாலு வச்சா பூச்சி சுருண்டு செத்துரும் புள்ள" என்று, முந்திரி ஓட்டில் கசியும் சாற்றைப் பஞ்சில் தொட்டுப் பல்லில் வைத்தார். கொட்டை உடைப்பவர்களின் கைத்தோலையே உரிக்கும் சாறு வாயை மட்டும் விட்டுவிடும் என்று எப்படித்தான் நம்பினோமோ! விடிவதற்குள் அக்காவின் உதடு வெந்து வீங்கிவிட்டது. பல்வலியோ அப்படியே இருந்தது.

அம்மா எங்களை முதல் பஸ்ஸில் அரியலூர்ப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். மூன்றாம் வகுப்புக்காரியான எனக்குத் தலைகால் புரியவில்லை. பிடிபடப்போகும் பூச்சியைக் கொண்டுவர ஒரு தீப்பெட்டியைக் காலி செய்து வைத்திருந்தேன்.

"புடுங்கிப் போட்டுருங்க டாக்டர், நாளான்னிக்கு இவ ராஜா" என்றாள் அம்மா.

"புடுங்குனா ராஜா எப்படிம்மா சிரிப்பாரு? வேரு நல்லாருக்கு, அடைச்சுடலாம்" என்றவர், உதட்டுக்குக் களிம்பு தடவிவிட்டு, தையல் மிஷினைப் போலக் காலால் மிதிக்கும் கருவியைச் சுழற்றினார். நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கறுப்புத் தூள்தான் வந்தது.

"பூச்சி எங்கங்க?"

"பூச்சியே கெடையாது பாப்பா. மிட்டாய தின்னுட்டு அப்படியே படுத்தா, ஒட்டியிருக்கறது பல்ல அரிச்சுரும். ராத்திரியும் பல்லு வெளக்கணும்."

"ராத்திரில பல்ல யாருங்க பாக்கப் போறா?" என்று அம்மா கேட்க, மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்த டாக்டர், பிறகு வெள்ளி நிறப் பசையால் குழியை அடைத்தார்.

விழா நாளிலும் உதட்டு வீக்கம் முழுதாக வடியவில்லை. பெரிய மீசையை ஒட்டி மறைத்தார்கள். முன்வரிசையில் மாமா வேட்டி நுனியைக் கசக்கியபடி இருந்தார். சிரிக்க வேண்டிய இடம் வந்ததும் அக்கா ஒரு கணம் தயங்கினாள். பக்கத்தில் அமுதாவின் உதடுகள் அசையத் தொடங்கின. அடுத்த நொடி, தலையை அண்ணாந்து அக்கா சிரித்தாள் பாருங்கள், கூட்டமே அதிர்ந்தது! விளக்கொளியில் கடைவாயில் வெள்ளி மின்னியது. "சிரிச்சுட்டா, எம் மருமவ சிரிச்சுட்டா!" என்று மாமா எழுந்தே நின்றுவிட்டார்.

கால்மிதிக் கருவி இன்று எந்த மருத்துவமனையிலும் இல்லை. அந்த மேடை நின்ற இடத்தில் வகுப்பறைகள் எழுந்துவிட்டன. அண்மையில் பெரம்பலூரில் ஓர் இளம் மருத்துவர் அக்காவின் பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் பல்லின் நிறத்திலேயே புதிதாக அடைத்தார். அக்கா இன்றும் வாய்விட்டுத்தான் சிரிக்கிறாள். அப்போது தெரியும் பற்களில் எந்தப் பல் அன்று எங்களை அரியலூருக்கு ஓட வைத்தது என்பதுதான் இப்போது எனக்கே தெரிவதில்லை.